அந்த இரண்டு மாதம் எங்களுக்கு இல்லை

கட்டார், குவைத், சவூதி, டுபாய், கனடா, லண்டன், சுவிஸ் என்று போய் உழைக்கும் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பிள்ளைகளுக்கு,

இந்த மடல் காசு பற்றியது, அதிலும் வரிக்காசு பற்றியது. "எனக்கென்ன வரி? மாசம் அனுப்புற காசு வீட்டுச் செலவுக்கே காணாது" என்று இந்த வரியோடு மூடிவிட நினைப்பவர்கள்தான் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வரி விபரத்திரட்டுக் கொடுக்க இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைக்கும், அதற்கு விண்ணப்பமும் தேவையில்லை என்றொரு செய்தி சித்திரை, வைகாசி மாதங்களில் கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருக்கிறது. பூநகரில் ஒரு தாய், மகன் டோகாவிலிருந்து அனுப்பியதைக் காட்டி, "சேர், இது எங்களுக்கும் தானே?" என்று கேட்டார். மட்டக்களப்பில் இருந்து ஒருவருக்கு, ரொறன்ரோவில் இருந்து இன்னொருவருக்கு என்று அதே செய்தி சுற்றிச் சுற்றி வருகிறது. செய்தி பொய்யில்லை. ஆனால் அது அமெரிக்காவின் சட்டம். நம்மில் அநேகம் பேருக்கு அதில் ஒரு நாள்கூடக் கிடையாது.

அது என்ன சட்டம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் தனிநபர் வரிக்கணக்குக்குக் கடைசி நாள் ஏப்ரல் 15. அந்த நாளில் நாட்டுக்கு வெளியே வசித்து, வேலையும் வெளியே வைத்திருக்கும் அமெரிக்கப் பிரசைக்கும் அந்நாட்டில் வரிக்கு வதிவாளராகக் கணிக்கப்படுபவருக்கும், கிறீன் கார்ட்காரர் உட்பட, ஜூன் 15 வரை தானாகவே நேரம் கிடைக்கும். கணக்கை அனுப்பும்போது, தான் வெளிநாட்டில் இருந்ததாக ஒரு குறிப்பு இணைத்தால் போதும். அதுவும் போதாதென்றால் 4868 என்ற படிவத்தைக் கொடுத்து ஒக்டோபர் 15 வரை கேட்கலாம். அதற்குப் பிறகும் ஒரு கடிதம் எழுதி டிசம்பர் 15 வரை கேட்க வழி இருக்கிறது. அது அதிகாரியின் விருப்பம். வெளிநாட்டில் உழைத்த சம்பளத்தில் ஒரு பகுதிக்கு விலக்குக் கேட்பவர்களுக்கு ஒரு வழி, பன்னிரண்டு மாதத்துக்குள் 330 முழு நாள் வெளியே இருந்திருப்பது. அந்த நாட்கள் நிறையும் மட்டும் காத்திருக்க 2350 என்று இன்னொரு படிவம். 2025 ஆம் ஆண்டுக்கு அந்த விலக்கின் உச்சம் 130,000 டொலர்.

இவ்வளவு தாராளம் ஏன் என்று கேட்டால், அமெரிக்கா தன் பிரசை உலகத்தின் எந்த மூலையில் உழைத்தாலும் கணக்குக் கேட்கிற நாடு. எரித்திரியாவை விட்டால் அப்படிக் கேட்கும் நாடு வேறில்லை என்றே சொல்லலாம். எங்கே இருந்தாலும் கணக்குக் காட்டு என்பவன், காட்டக் கொஞ்சம் நேரமும் கொடுக்கத்தானே வேண்டும்.

அந்தக் கைபேசிச் செய்தியில் வராத ஒன்று இருக்கிறது. ஜூன் 15 வரை நீளுவது தாள் கொடுக்கும் நாள்தான். கட்ட வேண்டிய வரிக்கு வட்டி ஏப்ரல் 15 இலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். அமெரிக்கப் பிரசையாகித் திருகோணமலைக்குத் திரும்பி வந்து பென்சனில் இருக்கும் ஐயாமாருக்கும், கிறீன் கார்ட் வைத்துக்கொண்டு வளைகுடாவில் வேலை செய்யும் இரண்டொரு எஞ்சினியர்மாருக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் உள்ளது உட்பட, உங்கள் வெளிநாட்டு வங்கிக் கணக்குகள் எல்லாவற்றையும் கூட்டி வருசத்தில் எந்த ஒரு நாளிலாவது 10,000 டொலருக்கு மேல் போயிருந்தால், வரிக்கணக்கோடு சேராமல் அதற்கென்று வேறாக ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்கும் ஏப்ரல் 15 தான், கேளாமலே ஒக்டோபர் 15 வரை நீட்டியிருக்கிறார்கள். பிள்ளையின் கலியாணத்துக்கென்று திருகோணமலை வங்கியில் போட்டு வைத்த காசும் அந்தக் கூட்டலில் வரும்.

அமெரிக்கக் கதை இவ்வளவுதான். எங்கள் நாட்டுக்கு வருவோம்.

இலங்கையில் வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. விபரத்திரட்டு அடுத்து வரும் நவம்பர் 30 க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போக வேண்டும். வரிக்காசு அதற்கு முந்தியே கட்டப்பட்டிருக்க வேண்டும். நான்கு தவணைகள், ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. கணக்குப் பார்த்து மிச்சம் இருந்தால் செப்டெம்பர் 30. இது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் ஒழுங்கு. வெளிநாட்டில் இருக்கிறாய், உனக்கு இரண்டு மாதம் கூடுதலாக எடுத்துக்கொள் என்று தானாகக் கிடைக்கும் சலுகை இதில் இல்லை. நேரம் வேண்டுமென்றால் எழுத்தில் கேட்க வேண்டும், நியாயமான காரணம் காட்ட வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் ஆணையாளர் நாயகத்தின் கையில். காசு கட்டும் நாள் செப்டெம்பரிலேயே போய்விட்டபடியால், தாளுக்கு நேரம் கிடைத்தாலும் காசுக்கு அது உதவாது.

பிந்தினால் என்ன நடக்கும் என்பதுதான் எனக்குக் கவலை. விபரத்திரட்டுப் பிந்தியதற்கான தண்டம் இரண்டு வழியில் கணக்கிடப்படும், எது பெரிதோ அது விழும். ஒன்று, செலுத்த வேண்டிய வரியில் 5 வீதமும் பிந்திய ஒவ்வொரு மாதத்துக்கும் 1 வீதமும். மற்றது, 50,000 ரூபாவும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 ரூபாவும். உச்சம் 400,000 ரூபா. கொழும்பில் பெரிய கம்பனிக்கு முதல் கணக்குப் பொருந்தும். நம்மைப் போன்றவர்களுக்கு எப்போதும் இரண்டாவதுதான் பெரிதாக வரும். ஒருவர் கட்ட வேண்டிய வரி 5,000 ரூபா என்று வையுங்கள். மூன்று மாதம் பிந்தினால், சட்டத்தின் எழுத்துப்படி தண்டம் 80,000 ரூபா. ஐயாயிரத்துக்கு எண்பதாயிரம்! கட்டாத காசுக்கு மாதம் 1.5 வீத வட்டி வேறு. ஏழையின் தாமதத்துக்குப் பணக்காரன் வீதத்தைவிடக் கூடிய தண்டம் வைத்திருக்கும் இந்த ஒழுங்கு நியாயமானதென்று நான் நினைக்கவில்லை. ஆனால் மாற்றும் வரைக்கும் அதுதான் சட்டம்.

அப்படியானால் யார் கொடுக்க வேண்டும், யார் கொடுக்கத் தேவையில்லை? இதில்தான் ஊரில் குழப்பம் கூட.

கட்டாரிலோ குவைத்திலோ சவூதியிலோ சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அங்கே உங்களிடம் கணக்குக் கேட்க ஆளில்லை. நீங்கள் அனுப்பும் காசு வீட்டுக்காரருக்கு வருமானமும் அல்ல. மகன் தாய்க்கு அனுப்பும் செலவுக்காசுக்குத் தாய் வரி கட்டத் தேவையில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுக்குச் சேவை செய்து உழைக்கும் வருமானத்துக்கு உச்சம் 15 வீத வரி என்று வந்தபோது, கட்டாரில் கட்டட வேலை செய்யும் பொடியனின் சம்பளத்தில் வெட்டப் போகிறார்கள் என்று ஊரில் சனம் பதறியது. அது இங்கே நாட்டுக்குள் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பனிகளுக்குக் கணினி வேலையும் கணக்கு வேலையும் செய்பவர்களைப் பற்றியது. மண்வெட்டி பிடிக்கிறவனுக்கும் வீட்டு வேலைக்குப் போன தங்கச்சிக்கும் அதில் பயமில்லை.

ஆனால் நீங்கள் அனுப்பிய காசு இங்கே வந்து என்ன ஆகிறது? அதுதான் கேள்வி. செலவு போக மிஞ்சியது வங்கியில் நிலையான வைப்பாகக் கிடக்கிறது. அல்லது திருகோணமலை நகரில், மூதூரில் வீடாகி வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. அந்த வட்டியும் வாடகையும் இலங்கையில் விளைந்த வருமானம். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், எத்தனை வருசம் வராமல் இருந்தாலும், இலங்கையில் விளைந்த வருமானத்துக்கு இலங்கைச் சட்டம் பேசும். வதிவற்றவர் என்ற நிலை உங்களுடைய வெளிநாட்டுச் சம்பளத்தைத்தான் காப்பாற்றும், இங்கேயுள்ள வாடகையை அல்ல.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு வருசத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விடுப்பு உண்டு. அதற்கு முன்பு 12 இலட்சம். மாதம் ஒன்றரை இலட்சத்துக்குள் வருமானம் இருப்பவருக்கு வரியே இல்லை என்று விளங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு 18, 24 என்று ஏறும். வெளிநாட்டில் வதிந்தாலும் இலங்கைக் குடியுரிமை வைத்திருப்பவருக்கு இந்த விடுப்பு உண்டு. கனடாப் பிரசையாகி, இங்கே இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் விட்டவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு முதல் ரூபாவிலிருந்தே வரி தொடங்கும். சின்ன வாடகைதானே என்று அலட்சியமாக இருக்கும் அண்ணாமார் இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

இனி அம்மாமார் பெயரிலுள்ள வைப்பு. வெருகலில் இதுதான் மிக அதிகமாக நடக்கும் விசயம், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மகன் சவூதியிலிருந்து அனுப்பிய காசு தாயின் பெயரில் 40 இலட்சம் ரூபா வைப்பாக இருக்கிறது என்று எடுங்கள். வருசத்துக்கு 8 வீத வட்டி என்றால் 320,000 ரூபா. இந்த வட்டியிலிருந்து வங்கி 10 வீதத்தை, அதாவது 32,000 ரூபாவை, முற்பண வருமான வரி என்று வெட்டிவிட்டு மிச்சத்தைக் கணக்கில் போடும். 2025 ஏப்ரலுக்கு முதல் 5 வீதம்தான் வெட்டினார்கள். வங்கிச் சிட்டையில் அந்த வெட்டு ஓர் ஆங்கிலச் சுருக்கெழுத்தாகச் சின்னதாக வரும். அம்மாவுக்கு அது கண்ணில் படாது. பட்டாலும் வங்கிக்காரர் எடுப்பதை எடுக்கட்டும் என்று விட்டுவிடுவார். ஆனால் அந்தத் தாயின் வருசத்து வருமானம் 18 இலட்சத்துக்கு எவ்வளவோ கீழே. அவர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லாதவர். டின் என்ற வரி செலுத்துநர் இலக்கத்தோடு ஒரு சுய பிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் அந்த 32,000 வெட்டப்படாது. ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வெட்டியதைத் திரும்பக் கேட்பதானால் விபரத்திரட்டுக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். டின் இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டி வரும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2024 ஆம் ஆண்டிலிருந்து 18 வயது கடந்த எல்லோரும் பதிய வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது ஈச்சிலம்பற்றுச் சந்தியில் இது பெரிய பேச்சு. பதிவு வேறு, வரி வேறு. அடையாள அட்டை எடுத்தவரெல்லாம் பொலிசுக்குப் போக வேண்டியதில்லையே. இறைவரித் திணைக்களமும் டின் எடுப்பதால் மட்டும் வரி வராது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆனால் கணக்குக் கொடு என்று உங்கள் பெயருக்குத் திணைக்களம் அறிவித்தல் அனுப்பினால், வரி இல்லாதவரும் பதில் கொடுத்தே ஆக வேண்டும். அந்த அறிவித்தல் நீங்கள் பதிவில் கொடுத்த முகவரிக்கு வரும். கொடுத்த முகவரி மாவடிச்சேனையில், நீங்கள் குவைத்தில், கடிதம் அப்பாவின் தலையணைக்குக் கீழே. இதுதான் நம்முடைய வழக்கமான கதை.

அடுத்தது நவம்பர் 30. இந்தத் தேதியை வைத்தவர்கள் கொழும்பில் இருந்துகொண்டு வைத்திருக்கிறார்கள். கார்த்திகை மாதத்தில் வெருகலைப் பார்த்தவர் எவரும் அப்படி வைக்க மாட்டார். மகாவலியின் ஒரு கிளை நம்முடைய வெருகலாறாக வந்து முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. மலைநாட்டில் மழை பெய்தால் இங்கே தண்ணீர் ஏறும், இங்கேயும் அப்போதுதான் மாரி. 2025 நவம்பரின் கடைசி நாட்களில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்கள் அங்கே தூங்காமல் இருந்து போன் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், சேருவில, வெருகல் பக்கத்துச் சனம் வீடு விட்டு வெளியேறிய நாட்களும் வரி விபரத்திரட்டின் கடைசி நாட்களும் ஒன்றுதான். கரண்ட் இல்லை, போனுக்கு சிக்னல் இல்லை, பாதை இல்லை. அந்தக் கிழமையில் டோகாவிலிருந்து ஒரு பிள்ளை வீட்டுக்கு எடுத்து, வங்கிச் சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னால் யார் எடுத்துக் கொடுப்பது?

தண்ணீர் வற்றிய பிறகு வந்த கோலத்தையும் சொல்கிறேன். வங்கிப் புத்தகத்தின் ஒற்றைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, முத்திரை மை ஊறிப் பக்கத்து ஒற்றைக்கும் போயிருந்தது. உறுதியை அரிசி வாளிக்குள் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். இது எங்களுக்குப் புதிதல்ல. 2004 சுனாமியில் போனது ஒரு தரம். 2006 இல் மாவிலாற்றில் தொடங்கிய சண்டையில் ஈச்சிலம்பற்றுச் சனம் வாகரைப் பக்கம் ஓடியபோது போனது இன்னொரு தரம். பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் இரண்டாவது, மூன்றாவது பிரதி எடுத்து வைத்திருக்கும் ஊர் இது. அதனால் சொல்கிறேன், உங்கள் கணக்குத் தாள்கள் வீட்டு அலுமாரியில் மட்டும் இருக்கக்கூடாது. படம் எடுத்து உங்கள் கையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் ஒழுங்கு நம்முடைய கலண்டரைப் பார்த்து வைத்தது. ஆவணியில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்கென்று லீவு கேட்டு வருகிறீர்கள். கம்பனிகளும் உங்கள் தொல்லை தாங்காமல் அந்த நேரம் பார்த்துத் தருகின்றன. மார்ச் 31 உடன் முடிந்த வருசத்துக்கு வங்கி கொடுக்கும் வட்டிச் சான்றிதழ் அந்த நேரத்தில் கையில் எடுக்கக்கூடியது. செப்டெம்பர் 30 இன்னும் வரவில்லை. மழையும் வரவில்லை. தீர்த்தம் முடிந்த மறுநாள் ஒரு காலை மட்டும் ஒதுக்கி வங்கிக்குப் போங்கள். வட்டிச் சான்றிதழ், வெட்டிய வரிக்கான சான்றிதழ், வாடகைக்காரரோடு எழுதிய ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் வரவு, போக்கு முத்திரை விழுந்த பக்கங்களையும் படம் எடுங்கள். நீங்கள் வதிவாளரா இல்லையா என்ற கேள்வி வந்தால் 183 நாள் கணக்குப் பேச்சு வரும், அப்போது அந்த முத்திரைகள்தான் சாட்சி. இப்போது சில விமான நிலையங்களில் முத்திரையே குத்துவதில்லை, ஆகவே பயணச் சீட்டையும் எறியாதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த தாளும் இதோடு சேரட்டும்.

ராமிஸ் என்ற இறைவரித் தளத்தில் விபரத்திரட்டைக் கட்டாரில் இருந்தும் கொடுக்கலாம். அதற்கு டின் இலக்கமும் பின் இலக்கமும் தேவை. பின் இலக்கத்தைக் கடைசிக் கிழமையில் தேட வெளிக்கிட்டால் மாட்டுப்படுவீர்கள். லீவில் நிற்கும்போதே எடுத்து, உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுங்கள். பெயர் அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் இன்னொரு விதமாகவும் இருப்பவர்கள் நம்மில் பாதிப்பேர். அதையும் அப்போதே திருத்துங்கள். சந்தேகம் கேட்கத் திணைக்களத்தின் 1944 இலக்கம் இருக்கிறது.

உங்களுக்குப் பதிலாக அண்ணனோ மாமாவோ செய்வதானால் வாய்ச்சொல் போதாது. அற்றோனித் தத்துவம் முறையாக எழுதி, அங்கே தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, இங்கே பதிய வேண்டும். அதிலும் வரி விசயம் பார்க்க என்று குறிப்பாக எழுதுங்கள். காணி விற்கவும் வாங்கவும் என்று முழு அதிகாரத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு கோர்ட்டில் நிற்கும் குடும்பங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல.

கனடாக்காரருக்கும் லண்டன்காரருக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்குக் கணக்காளர்மார் இருக்கிறார்கள். கனடாவில் கடைசி நாள் ஏப்ரல் 30. சொந்தத் தொழில் செய்பவருக்கு ஜூன் 15, ஆனால் காசு ஏப்ரல் 30 க்கே கட்ட வேண்டும். வெளிநாட்டில் இருந்தேன் என்று சொன்னால் தானாக நேரம் கிடைக்காது. உங்களுக்கு உள்ள கண்ணி வேறு. வெளிநாட்டில் உங்கள் சொத்துகளின் வாங்கிய பெறுமதி 100,000 கனடிய டொலருக்கு மேல் போனால் டி 1135 என்ற படிவம் கொடுக்க வேண்டும். உங்கள் சொந்தப் பாவிப்புக்கென்று வைத்திருக்கும் வீடு இதில் சேராது. வாடகைக்கு விட்ட வீடும் நிலையான வைப்பும் சேரும். பிந்தினால் நாளுக்கு 25 டொலர், 2,500 டொலர் வரை. திருகோணமலையில் கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் தம்பிமார் கணக்காளரிடம் அதைச் சொன்னீர்களா? அவர் கேட்கவில்லை என்பது பதிலல்ல.

லண்டனில் இணையத்தில் கொடுக்க ஜனவரி 31, தாளில் கொடுக்க ஒக்டோபர் 31. ஒரு நாள் பிந்தினாலே 100 பவுண். இங்கிலாந்தை விட்டு வெளியேறி வதிவற்றவராகிவிட்டவர்கள் அந்நாட்டு வரித் திணைக்களத்தின் இலவச இணையச் சேவையில் தங்கள் கணக்கைக் கொடுக்க முடியாது. மென்பொருள் வாங்க வேண்டும், அல்லது தாளில் போட வேண்டும். தாளில் போடுபவருக்கு மூன்று மாதம் முந்தியே கடைசி நாள் வந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அமெரிக்கா நேரம் கூட்டுகிறது, லண்டன் குறைக்கிறது. சுவிசில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, நேரம் கேட்பது அங்கே லேசு. பிரித்தானியா, கனடா, சுவிஸ், நோர்வே எல்லாவற்றோடும் இலங்கைக்கு இரட்டை வரி தவிர்க்கும் உடன்படிக்கை உண்டு. இங்கே வங்கி வெட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் வெட்டியதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும்.

கடைசி நேரத்தில் அரசாங்கம் எப்படியும் தேதியைத் தள்ளி வைக்கும் என்று நம்பி இருப்பவர்களுக்கும் ஒரு சொல். இந்தியாவில் 2025 இல் ஜூலை 31 ஐ செப்டெம்பர் 15 ஆக்கினார்கள், பிறகு இன்னும் ஒரே ஒரு நாள் கூட்டினார்கள். அந்த ஒரு நாளை நம்பித் தூங்காமல் கிடந்தவர்களின் பாட்டைப் பாருங்கள். அறிவித்தல் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், வரும் என்று எண்ணி வேலையை ஒத்திப் போடாதீர்கள்.

இவ்வளவும் நாம் சட்டத்துக்கு ஒத்துப்போகும் வழி. சட்டமும் நமக்குக் கொஞ்சம் ஒத்துவர வேண்டும் என்பது என் கட்சி. 2024 ஆம் ஆண்டில் வெளிநாட்டில் உழைக்கும் இலங்கையர் நாட்டுக்கு அனுப்பியது 657 கோடி அமெரிக்க டொலர். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாடு நிமிர்ந்ததில் அந்தக் காசின் பங்கு பெரியது. அப்படி உழைப்பவருக்கு அமெரிக்கா தன் பிரசைக்குக் கொடுப்பதுபோல இரண்டு மாதம், அதாவது ஜனவரி 31 வரை, விண்ணப்பம் இல்லாமல் கொடுப்பதால் திறைசேரிக்கு என்ன நட்டம்? காசு செப்டெம்பரிலேயே வந்துவிட்டது. பிந்துவது தாள் மட்டும்தான். வெள்ள அனர்த்தம் என்று அறிவிக்கப்பட்ட பிரதேச செயலாளர் பிரிவில் முகவரி உள்ளவருக்கும் அதே சலுகை வேண்டும். சின்ன வரிக்காரருக்கு 50,000 ரூபாவில் தொடங்கும் தண்டத்தையும் குறைக்க வேண்டும். வரி 5,000 என்றால் தண்டமும் அந்தக் கணக்கில்தான் இருக்க வேண்டும்.

இந்த மூன்று கோரிக்கையையும் எழுதி, இறைவரி ஆணையாளர் நாயகத்துக்கும் நிதி அமைச்சுக்கும், திருகோணமலை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் அனுப்ப ஒரு மகஜர் தயாராக இருக்கிறது. மூதூர், கிண்ணியா ஆட்களும் சேர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளமும் வெளிநாடும் அவர்களுக்கும் பொதுதானே. ஆவணித் திருவிழாவுக்கு வரும்போது கோயில் வீதியில் கையெழுத்துப் போடலாம். வர முடியாதவர்கள் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயரும் வேலை செய்யும் நாடும் எழுதி வீட்டுக்காரரிடம் அனுப்பிவிடுங்கள். அவர்கள் கொண்டுவந்து தருவார்கள். கையெழுத்துப் போடும் கையோடு, அம்மாவின் சுய பிரகடனப் படிவம் இந்த வருசத்துக்கு வங்கிக்குப் போய்விட்டதா என்று இன்றைக்கே வீட்டுக்கு எடுத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வெருகல்.